சுவருக்கு அந்தப் பக்கம்

நான் கடைசியாக நிரப்பிக் கொடுத்த படிவம் போன மாதம் தபாலில் திரும்பி வந்தது. வேலையை விட்டு ஐந்து மாதமாகிவிட்டதால் அட்டுவம்பட்டியில் என் வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். பதினான்காம் கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வட்டம். “இந்த வீட்டில் உங்களுக்கு இன்னும் தேவைப்படுவது என்ன?” என்பது கேள்வி. கீழே கழிப்பறை, குழாய், மின்விளக்கு, வேலி என்று கட்டங்கள் அச்சடித்திருந்தன. நான் எந்தக் கட்டத்திலும் குறி போடவில்லை. ஓரத்தில், “சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்” என்று எழுதியிருந்தேன். புதிதாக வந்திருக்கும் அலுவலர் வட்டத்துக்குப் பக்கத்தில், “கேள்விக்குப் பொருந்தவில்லை. விளக்கவும்” என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கடிதம். இத்தனை வருட அனுபவத்தைச் செய்தி மடலுக்கு எழுதித் தந்தால் புதியவர்களுக்கு உதவியாக இருக்குமாம்.

இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நேரில் வந்து விளக்கச் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு எப்போதும் வந்ததில்லை.

அப்படிப்பட்டவள் பேச்சை மொழிபெயர்க்கும் வேலைக்கு எப்படிப் போனாள் என்று கேட்பார்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. இன்னொருவர் சொன்னதைத்தானே சொல்லப் போகிறோம். தப்பாக இருந்தாலும் அது அவருடைய பேச்சு. மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். பிறகு கோடைக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். இங்கிலீஷ் காதால் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்து மலையில் வீடும் தண்ணீரும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். மக்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வருவதுதான் எங்கள் பிரிவின் வேலை.

என் மேலதிகாரி ஹென்ரிக் என்ற பொறியாளர். ஆறடிக்கு மேல் உயரம், காதில் எப்போதும் ஒரு பென்சில். சேர்ந்த முதல் நாளே மூன்று விதிகளை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். சொன்னதை அப்படியே சொல். எதையும் கூட்டாதே, குறைக்காதே. கேட்காமல் விளக்கம் தராதே. “குழாய் போல இரு, மிஸ் ஜெசிந்தா. நல்ல குழாய் தண்ணீரில் எதையும் கலக்காது” என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின ஊரில், மொழிபெயர்த்தவரின் காதில் யாரோ ரகசியமாகச் சொன்னதைக் கேட்டு, கிணற்றை ஊர்ப் பெரியவரின் தோட்டத்துக்குள் வெட்டிவிட்டார்கள். அதனால் ரகசியம் என்றாலே அவருக்கு ஆகாது. எல்லாம் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் பேசப்பட வேண்டும். ஒருவர் எழுந்து “எனக்கு இது பிடிக்கவில்லை” என்று சொன்னால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். அதைத்தான் மரியாதை என்று நினைத்தார். நான் அவரோடு வேலை பார்த்த வருடங்களில் அந்த மரியாதை அவருக்கு இரண்டோ மூன்றோ முறைதான் கிடைத்தது.

நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. ஏழைகளுக்குச் சமமாக உட்கார வேண்டும் என்று நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்காருவார். அப்படி உட்கார்ந்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிடுவார்கள். அவர் உட்காருங்கள், உட்காருங்கள் என்று கையைக் காட்டுவார். அவர்கள் சரிவில் இன்னும் நாலடி இறங்கிப் போய்க் குத்தவைப்பார்கள். அவரும் நகர்ந்து கிட்டே போவார். அவர்கள் இன்னும் இறங்குவார்கள்.

“தொரை தரையில ஒக்காந்தா நாங்க எங்கம்மா ஒக்கார்றது? குழிதான் வெட்டணும்” என்று ஒருநாள் ஒரு பெரியவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஹென்ரிக் என்னைப் பார்த்தார். “குழி வெட்ட வேண்டும் என்கிறார்” என்று இங்கிலீஷில் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் கழிப்பறைக் குழி என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பெரியவரைத்தான் கங்காணி என்று கூப்பிடுவார்கள். பெயர் முனியாண்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, அங்கிருந்து அனுப்பப்பட்டு, கப்பலேறி வந்த குடும்பங்கள் அவருடையதும் அவரோடு சேர்ந்ததும். முப்பது குடும்பங்கள். கீழ்மலையில் காப்பித் தோட்டங்களிலும் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் கூலி வேலை. சாக்கும் தகரமும் போட்ட குடிசைகளில் இருந்தார்கள். இலங்கையில் கங்காணியாக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர் அவருடைய அப்பாதான். ஆனால் கடலைத் தாண்டி வந்த பிறகும் காலையில் அவர் குரல் கொடுத்தால்தான் எல்லோரும் வேலைக்குக் கிளம்புவார்கள். அவர் உட்கார்ந்தால் உட்காருவார்கள். அவர்களுக்குத்தான் ஒரு சரிவில் வீடு கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்தக் கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஹென்ரிக் இரண்டு படங்கள் வரைந்து கொண்டுவந்திருந்தார். ஒன்றில் வீடுகள் ஒரே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி இருந்தன. அவர்கள் அங்கே இருந்த லயம் அப்படித்தான். ஒரு நீளக் கட்டடம், அதில் குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த அறையை அவர்கள் காம்பரா என்பார்கள். மற்றப் படத்தில் வீடுகள் தனித்தனியாக, நடுவில் தோட்டத்தோடு, வீட்டுக்கு வீடு முப்பது தப்படி தள்ளி இருந்தன.

கேள்வி கேட்பதற்கு முன்னால் ஹென்ரிக் தன் மனதில் இருந்ததைச் சொன்னார். நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னார். “உங்களை அங்கே அடைத்து வைத்திருந்த கட்டடங்களைப் படத்தில் பார்த்தேன். குதிரைக்குக் கட்டுவது போல இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் முடிவு உங்களுடையது. எது வேண்டும்?”

அதையும் அப்படியே சொன்னேன்.

கங்காணி கேட்டார், “தொரை எதை நெனச்சிருக்காங்கம்மா?”

மொழிபெயர்த்தேன். ஹென்ரிக் சிரித்தார். “நான் நினைப்பது முக்கியமில்லை என்று சொல்.” சொன்னேன். கங்காணியும் மரியாதைக்குச் சிரித்தார். ஹென்ரிக் நினைப்பதைத்தான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே. தனி வீடு வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஹென்ரிக். கங்காணி கையைத் தூக்கினார். உடனே எல்லாக் கைகளும் எழுந்தன. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் களத்தில் நின்று பழகிய கைகள். இடுப்பில் குழந்தையை வைத்திருந்த பெண்கள்கூட ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினார்கள். முப்பது குடும்பமும் தனி வீடு என்று படிவத்தில் ஏறியது.

கூட்டம் முடிந்ததும் தேத்தண்ணி கொடுத்தார்கள். டம்ளர்களைக் கழுவ ஊற்றுக்குப் போன பெண்களோடு நானும் போனேன். ஆண்கள் இல்லாத இடத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம்.

“தனி வீடாமே. இனிமே புருஷன் அடிச்சாலும் வெளிய கேக்காது, கொஞ்சினாலும் கேக்காது” என்றாள் ஒருத்தி.

“ஒனக்கு ரெண்டாவதுக்குக் குடுத்து வைக்கலயே” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காமல் இருந்தவள் தனலெட்சுமி. கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். வயிற்றில் முதல் பிள்ளை, நாலு மாதம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், “அக்கா, தனி வீடுன்னா செவுத்தத் தட்டினா யாருக்குக் கேக்கும்?”

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் ஒரே சுவர். உப்போ சீனியோ தீர்ந்துவிட்டால் அகப்பைக் காம்பால் ரெண்டு தட்டு. அந்தப் பக்கத்தில் ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு. உடம்புக்கு முடியவில்லை என்றால் நிறுத்தாமல் தட்ட வேண்டும். அப்படித் தட்டினால் சோறு தட்டில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். வருஷக் கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றாலும் வருவார்கள். “எங்கம்மா என்னயப் பெத்தது அப்படித்தான். எங்கப்பா மலையில வேலையில கெடக்காரு. அம்மா செவுத்தத் தட்டித்தான் ஆள் வந்துச்சு.”

“கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல” என்றேன்.

“கங்காணித் தாத்தா தூக்கின கைய நான் எப்படிக்கா எறக்கச் சொல்றது? நீங்க தொரைகிட்டச் சொல்லுங்க.”

சொல்லப் போனேன். ஹென்ரிக் சரிவில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், ஒரு பெண் ஒரு விஷயம் சொன்னாள்” என்று தொடங்கினேன். அவர் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், “கூட்டத்தில் சொன்னாளா?” இல்லை என்றேன். “அடுத்த கூட்டத்தில் சொல்லச் சொல். காதில் சொல்வதைக் கேட்டுக் கட்டினால் நமக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் வீடு கிடைக்கும்.”

அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. அதைவிட, மேற்கொண்டு பேச வேண்டாம் என்றதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

அடுத்த கூட்டம் இரண்டு வாரம் கழித்து. ஹென்ரிக் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, “யாருக்காவது மறுப்பு இருக்கிறதா? தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு நிமிடம் காத்திருக்கிறேன்” என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்து உண்மையாகவே ஒரு நிமிடம் காத்திருந்தார். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். யாரும் அசையவில்லை. வழக்கமாக எதற்கும் “சரிங்க தொரை” என்று உடனே சொல்லிவிடும் கங்காணி அன்று சொல்லவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன். தனலெட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில், பெரிய மனிதர் ஒருவர் கேட்டு நாம் பேசாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை. வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே சொல்லாமல் அவர் மரியாதையைக் காப்பாற்றிக் கொடுக்கிறோம். இது எனக்குத் தெரியும். அட்டுவம்பட்டியில் பெண் கேட்டு வந்தவர்களை எங்கள் அப்பா அப்படித்தான் அனுப்பினார். ஆனால் ஹென்ரிக்கின் ஊரில் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு.

நிமிடம் முடிந்தது. “என்ன சொன்னார்கள்?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“ஒன்றும் சொல்லவில்லை” என்றேன்.

நான் செய்த மொழிபெயர்ப்புகளில் அதைப் போல் தப்பானது வேறு இல்லை.

வீடுகள் நன்றாகவே வந்தன. கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தகரக் கூரை, சிமெண்டுத் தரை. ஹென்ரிக் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தார். கீல் வாங்க பஜாரில் காதர் பாய் இரும்புக் கடைக்குப் போனபோது அரைநாள் ஆக்கிவிட்டார். “ஒங்க தொரை கீல் வாங்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா தங்கச்சி?” என்று பாய் என்னைக் கேட்டார். பாய் கடையில் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார். மலைக்காரர்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள், கேட்ட மரியாதைக்கு எதையாவது வாங்கிவிட்டுப் போய் மறுநாள் திருப்பிக் கொண்டுவருவார்கள் என்பார். நாலைந்து சாமானை எடுத்து முன்னால் பரப்பி வைத்துவிட்டு, வேறு சோலி பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வார். கை எதன்மேல் போகிறதோ அதுதான் வேண்டியது. அன்றைக்கு அதை ஒரு வியாபாரத் தந்திரம் என்று மட்டும் நினைத்தேன்.

குடி போன அன்று ஹென்ரிக்குக்கு மாலை போட்டார்கள். தனலெட்சுமிக்குக் கிடைத்தது சரிவின் கடைசி வீடு. மேலே முப்பது தப்படியில் கங்காணியின் வீடு. மறுபக்கம் மூங்கில் புதர், அதற்கப்பால் சோலைக்காடு.

ஐப்பசி கழிந்தும் மழை விடவில்லை. காப்பிப் பழம் எடுக்கும் காலம் என்பதால் நடமாடக்கூடிய எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தனலெட்சுமியின் புருஷன் சுந்தரமும் வெள்ளனே கிளம்பிவிட்டான். அவளுக்கு நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. காலை பத்து மணி வாக்கில் வலி வந்திருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. கங்காணியின் மனைவி அங்கம்மா அன்று வீட்டில்தான் இருந்தார். முப்பது தப்படி. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. வேலை முடிந்து திரும்பிய பெண்கள் நாலு மணிக்கு மேல் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தனலெட்சுமியைத் தொட்டில் கட்டித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து, லாரியில் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை வீட்டிலேயே போய்விட்டது. ஆண் குழந்தை.

அவள் திரும்பி வந்த பிறகு ஹென்ரிக் பார்க்கப் போனார். நானும் போனேன். தனலெட்சுமி பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றோம். கங்காணி வாசலில் நின்றார். ஹென்ரிக் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பாய்க்குப் பக்கத்தில், புதுச் சுண்ணாம்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து கருங்கல் தெரிந்தது. அவர் குனிந்து விரலால் தடவினார். கீழே உடைந்த அகப்பைக் காம்பு கிடந்தது.

“சுவர் எப்படி உடைந்தது?” என்று கேட்டார். கட்டியவர் அல்லவா, அதுதான் முதலில் வாயில் வந்தது.

கேட்டேன். தனலெட்சுமி, “தட்டினேங்க” என்றாள்.

“அந்தச் சுவருக்கு அப்பால் காடுதானே இருக்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள்?”

“யாருமில்லன்னு தெரியுங்க. கை தானாப் போச்சு.”

அதை மொழிபெயர்த்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அட்டையில் எழுதியிருந்த விதி அதுதான். ஆனால் வாய் நிற்கவில்லை. யாரும் பேசாத வார்த்தைகளை முதல்முறையாக நானே இங்கிலீஷில் பேசினேன். லயத்துச் சுவரைச் சொன்னேன். ரெண்டு தட்டு, ஒரு தட்டு, நிறுத்தாத தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றங்கரையில் அவள் கேட்டதைச் சொன்னேன். அந்த ஒரு நிமிடம் காத்திருந்தபோது அவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொன்னேன். இலக்கணமெல்லாம் போய்விட்டது.

“என்னம்மா தொரைகிட்ட இம்புட்டு நேரம் பேசுறீங்க?” என்று கங்காணி கேட்டார். அவருக்கும் தமிழில் சொன்னேன். அவர் மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தார். ஹென்ரிக் நின்றுகொண்டிருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“எனக்கும் தெரியும்மா” என்றார். “லயத்துல பொறந்தவனுக்குச் செவுரு தெரியாதா? தொரை அம்புட்டு தூரத்துலருந்து வந்து, அது குதுர லாயம்னு சொல்லி மனசு நொந்து பேசுறாரு. அவருகிட்டப் போயி அதேதான் வேணும்னு எப்படிச் சொல்ல? நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும்னு சொலவட சொல்லிருவாகளோன்னு கூச்சமாப் போச்சு. அதான் கையத் தூக்கிட்டேன்.”

நாய், நடுவீடு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். ஹென்ரிக்குக்குப் புரிந்ததா தெரியவில்லை. கூச்சம் என்ற சொல் மட்டும் புரிந்திருக்கும்.

ஜீப்புக்குத் திரும்பி நடக்கும்போது அவர் கேட்டார், “இது உனக்கு எப்போது தெரியும்?”

“அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால்.”

ஜீப்பின் கதவைத் திறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஒரு பெண் ஒரு விஷயம் சொன்னாள் என்று நீ வந்தாய். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் நாங்கள் மறுபடி போனபோது கங்காணி தனலெட்சுமியின் வீட்டுக்கு அந்தப் பக்கம் மூங்கில் புதரை வெட்டிக்கொண்டிருந்தார். காட்டுக்கல்லும் மண்ணும் வைத்து, அவளுடைய சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு அறையை எழுப்பினார். சுந்தரம் தண்ணீர் சுமந்தான். பக்கத்தில் முழுசாக ஒரு வீடு இருக்க, கங்காணியும் அங்கம்மாவும் அந்த மண்ணறைக்குக் குடி வந்தார்கள். தங்கள் வீட்டை மகன் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வரைபடத்தில் அந்த அறை கடைசிவரை ஏறவே இல்லை.

அதற்குப் பிறகு வேறொரு சரிவில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு வீடு கட்டினோம். கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொல்ல வேண்டாம் என்று ஹென்ரிக்கிடம் கேட்டுக்கொண்டேன். காதர் பாய் கடையில் தீப்பெட்டிகள் வாங்கிப் போய், தரையில் சாக்குக் கட்டியால் சரிவை வரைந்து, பெட்டிகளைப் பெண்கள் பக்கமாக வைத்துவிட்டு, இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது பெட்டிகள் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி இருந்தன. சுவர் ஒன்று, வாசல் வேறு வேறு பக்கம். நாங்கள் வரைந்த இரண்டு படத்திலும் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஹென்ரிக் அதன் பக்கத்தில் மண்டியிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும், “இப்போது அவர்கள் சொல்லாததைச் சொல்” என்று என்னைக் கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எல்லோரும் இதைக் கேட்டுப் பாராட்டுவார்கள். எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. குழாயாக இருந்தபோது குற்றம் மட்டும்தான் எனதாக இருந்தது. இப்போது முடிவும் என் தலையில். தப்பும் செய்தேன். ஓர் ஊரில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க, குளியலறை வைக்கும் இடம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். திட்டத்தையே மாற்றினார்கள். பிறகுதான் தெரிந்தது, பழனி பஸ் போய்விடப் போகிறதே என்ற கவலையில் இருந்திருக்கிறார்கள். அவர்களிடமே இன்னொருமுறை போய், உட்கார்ந்து, காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். நாலு வருடம் கழித்து ஹென்ரிக் ஊருக்குப் போய்விட்டார். பின்னால் வந்தவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. படிவங்கள் வந்தன, கட்டங்கள் வந்தன. ஒரு நாளைக்கு இருபது வீடு முடிக்க வேண்டும். நானும் முடித்தேன். சொல்வதையே எழுதினேன். முழங்கால் வலியைக் காரணம் காட்டி முன்கூட்டியே ஓய்வு கேட்டேன். உண்மையில் களைத்துவிட்டேன்.

கடைசி வாரத்தில் எனக்குக் கொடுத்த பட்டியலில் தனலெட்சுமியின் வீடு இருந்தது.

அவளுக்கு இப்போது ஒன்பது வயதில் ஒரு பெண். அந்தப் பிள்ளை பிறந்தபோது தட்டிய மாத்திரத்தில் அங்கம்மா வந்துவிட்டாராம். அங்கம்மா போய் இரண்டு வருடமாகிறது. வீட்டுக்குப் பலமுறை வெள்ளையடித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பள்ளம் அப்படியே இருக்கிறது, வெள்ளையடித்த பள்ளமாக.

படிவத்தை எடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். பதினான்காம் கேள்விக்கு, “ஒண்ணும் வேணாங்கா” என்றாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றைக்கு இன்னும் பதினொரு வீடு பாக்கி இருந்தது. பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். படிவத்தை மடித்து வைத்தேன். “இன்னொரு தேத்தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டேன்.

அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கொதிக்கும்வரை இருவரும் பேசவில்லை. தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். “கங்காணித் தாத்தாவுக்கு முடியலக்கா. மகன் வந்து கூப்பிட்டாலும் போக மாட்டேங்காரு. காலையும் மதியமும் நான் ரெண்டு தட்டு தட்டுவேன். அவரு ஒரு தட்டு தட்டுவாரு. இருக்கேன்னு. இப்ப நாலு நாளா தாமசமாத்தான் தட்டுறாரு. அவரும் போயிட்டா இந்தப் பக்கம் காடுதான்.”

பிறகு அகப்பையை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

காத்திருந்தோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. வெளியே கோழி கேறிக்கொண்டிருந்தது. தனலெட்சுமி அகப்பையைக் கையில் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. ரொம்ப மெதுவாக.

அவள் அகப்பையைக் கழுவி வைத்தாள். நான் படிவத்தைப் பிரித்து, கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்.

விளக்கம் இவ்வளவுதான். கங்காணிக்குப் பிறகும் ஆள் இருக்கும்படி, அந்த அறைக்கு ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சீக்கிரம் வைக்க வேண்டும். சாய்ப்புக்குத் தகரம் மாற்ற வேண்டும். பதினான்காம் கேள்விக்கு நான் எழுதியதைத் திருத்தாமல், அப்படியே மேலே அனுப்பவும்.